சிரிங்க அண்ணன் எடுத்த வெள்ளப் படம்

கிள்ளான் வட்டாரத்தில் அழுத மணப்பெண் என்று ஒருத்திகூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையாவது வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தாலி ஏறும்போது சிரிப்பாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு விடைபெறும்போதும் சிரிப்பாள். பந்தியில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வாசல்வரை போன பெரியப்பாகூட, வாசலில் நின்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு ஆள். அவர்தான் எங்கள் சிரிங்க அண்ணன்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கடைப் பலகையில் 'ஸ்டூடியோ' என்ற சொல் மட்டும்தான் மிச்சமிருந்தது, முன்னால் இருந்த எழுத்துகளை வெயிலும் மழையும் எப்போதோ அழித்துவிட்டன. அவர் மனைவியைக் கேட்கலாம் என்றால் அந்த அம்மாள் அவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆகவே வாயைத் திறந்தால் முதலில் எது வருமோ அதையே ஊர் அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

கிள்ளானில் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான மாடிப்படி இருக்கும். அதில் ஏறினால் அவர் ஸ்டூடியோ. எந்நேரமும் காக்கி நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்று போட்டிருப்பார். அதில் எத்தனை பை என்று அவருக்கே தெரியாது. ஒன்றில் சீப்பு, ஒன்றில் பவுடர் டப்பா, ஒன்றில் ஊக்கு, ஒன்றில் ஒட்டுப் பொட்டு. கேமரா சம்பந்தப்பட்ட எதுவும் எந்தப் பையிலும் இருந்து நான் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஒருமுறை அவரிடம் போனேன். அப்போதெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். இமிகிரேஷன் கவுண்டரில் இருந்தவர் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பல் தெரிகிறது, செல்லாது என்று திருப்பித் தந்துவிட்டார். மறுபடி மாடிப்படி ஏறினேன்.

"அண்ணே, சிரிக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"இமிகிரேஷன்ல."

"அவங்களுக்கு வேற வேல இல்ல லா. வெளிநாட்டுக்குப் போறீங்க, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போனா எவன் உள்ள விடுவான்? சரி, உக்காருங்க. சிரிக்காதீங்க. அப்படித்தான். இப்ப உள்ளுக்குள்ள மட்டும் கொஞ்சமா சிரிங்க பார்ப்போம்."

அந்தப் படமும் திரும்பி வந்தது. கடைசியில் கோலாலம்பூரில் வேறொரு கடையில் எடுத்துக் கொடுத்தேன். அதில் நான் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருப்பதாக என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

செத்தவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை அதட்டியே காலம் கழித்த ஒரு பெரியவர் தவறிப்போனார். மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டுமென்று வீட்டார் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காரியத்தன்று சட்டம் போட்டு வந்த படத்தில் பெரியவர் கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். "இந்த மனுசன் ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டச் சொன்னார். காசும் குறைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. குழுப்படம் எடுக்கும்போது எல்லாரும் படத்துக்குள் வரவேண்டும் என்பதற்காகப் பின்னாலேயே நடந்துகொண்டு போவார். கேமராவில் அதற்கென்று வசதி இருக்கிறதே என்று கேட்டால், "லென்ச நம்பக் கூடாது தம்பி, காலத்தான் நம்பணும். ஒரு ஆளு விட்டுப்போனாலும் அது குடும்பப் படம் இல்ல" என்பார். ஒரு கல்யாணத்தில் இப்படிப் பின்னால் போய்த் தவில்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றில் மண்டபத்தை விட்டிறங்கி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, சாலையையும் கடந்து, எதிரிலிருந்த சீனர் பெயிண்டுக் கடைக்குள் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கத்தினார்: "இப்ப எல்லாரும் தெரியிறீங்க! சிரிங்க!"

இப்படிப்பட்ட மனிதரை வெள்ளச் சேதத்தைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டுபோன புத்திசாலி நான்தான்.

என் அக்காவும் மச்சானும் பந்திங் பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தார்கள். காய்க்காக அல்ல, இலைக்காக. விடியற்காலையில் அறுத்துக் கட்டி, மச்சான் லோரியில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வருவார். நான் வேலை செய்யும் அலுவலகமும் அங்கேதான். மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாம்பாருக்கு அணை கட்டும்போதெல்லாம், இது எங்கள் அக்கா வீட்டு இலை என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்வது என் வழக்கம். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒரு ஆண்டுக் கடைசியில் மழை விடாமல் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் தோட்டத்துக்குள் வந்து, வந்த விருந்தாளி கிளம்பமாட்டேன் என்பதுபோல நாள் கணக்கில் தங்கிவிட்டது. வடிந்தபோது வாழைகள் வேர் அழுகி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. வீட்டுக்குள் முட்டியளவு சேறு. அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் ம் என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாட்டைக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள்.

வெள்ளத்தில் பயிர் போனவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுப்பதாகச் சொன்னார்கள். அது கிடைத்தால் மண்ணைச் சரிசெய்து புதிய கன்று வைக்கலாம். கிடைக்காவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மச்சான் ஏதாவது ஃபேக்டரியில் ஜாகா வேலைக்குப் போய் வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான். மச்சான் உட்கார்ந்து நான் பார்த்ததே சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அந்த மனிதரை நாள் முழுக்க ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே அரசாங்கம் என்ற சொல் எங்கே கேட்டாலும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தோடு சேதத்தின் படங்களையும் வைக்க வேண்டுமாம். அவர்கள் கைப்பேசிகள் தண்ணீரோடு போய்விட்டன. என் கைப்பேசியில் நானே எடுத்துப் பார்த்தேன். அந்தப் படங்களில் என் கட்டைவிரல்தான் பலத்த சேதம் அடைந்ததாகத் தெரிந்தது. சரி, இது தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டிய காரியம் என்று சிரிங்க அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க தம்பி, என்ன ஃபங்ஷன்?"

"வெள்ளம்ணே."

"ஓகே ஓகே. எந்த மண்டபம்?"

விளக்கிச் சொன்னேன். பிறகு, "துக்கத்துக்கு நான் காசு வாங்கறதில்ல தம்பி. காலையில வரேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தார். வேனில் விளக்கு, விளக்குக் கம்பம், வெள்ளைக் குடை, அதோடு பனிமலை வரைந்த ஒரு பெரிய திரைச்சீலைச் சுருளும் வந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கூடையின் மேல் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னாடி ஒரே சகதியா இருக்கு. மலைய மாட்டிறலாமா?" என்றார்.

"அண்ணே, சகதியத்தான் எடுக்கணும்!"

"தெரியும் லா, சும்மா கேட்டேன்."

அக்காவிடம் போனார். "அம்மா, இந்தச் சேல வேணாம். வேற நல்லது இருக்கா?"

"எல்லாம் நனஞ்சி போச்சுண்ணே. கல்யாணச் சேல மட்டும்தான் அலமாரிக்கு மேல இருந்து தப்பிச்சிது."

"அப்புறம் என்ன, அதக் கட்டிக்கிட்டு வாங்க."

போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரமாக யார் பேச்சுக்கும் எழுந்திருக்காதவள் எழுந்து உள்ளே போனாள். முட்டியளவு சேறு பட்ட சுவருக்கு முன்னால் மெரூன் நிறப் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். அண்ணன் பவுடர் போட்டார், பொட்டு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். அடுத்து மச்சானைப் பிடித்துச் சீப்பால் தலை வாரத் தொடங்கினார். மச்சான் தலையில் முடி கிடையாது. இருந்தாலும் இந்தப் பக்கம் வாரி, அந்தப் பக்கம் வாரி, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, வகிடு சரியில்லையென்று மறுபடியும் வாரினார். மச்சானும் பள்ளிக்கூடத்துப் பையன்போல ஆடாமல் நின்றார்.

அக்காவின் வாயிலிருந்து என்னவோ சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். "சிரிங்க!" என்று அண்ணன் கத்தியபோது அதற்கு அவசியமே இருக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மற்றதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. சாய்ந்து கிடந்த மரங்கள் படத்தைக் கெடுக்கின்றன என்று அவர் ஓரமாக இழுத்துப் போடச் சொன்னதையும், உயிரோடு சாய்ந்து நின்ற ஒரே வாழைக்குத் தன் விளக்குக் கம்பத்தை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி நிறுத்தியதையும் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே படங்களைப் பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, அக்கா கையில் கொடுத்தார். அக்கா உறையைப் பிரிக்காமல் விண்ணப்பத்தோடு சேர்த்து மச்சானிடம் கொடுத்தனுப்பினாள்.

விவசாய அலுவலகத்திலிருந்து என்னை வரச் சொன்னார்கள். இளம் வயது மலாய்ப் பெண் அதிகாரி. மரியாதைக்குப் புவான் என்று அழைத்து முன்னால் உட்கார்ந்தேன். அவர் படங்களை மேசைமேல் பரப்பினார்.

வானம் நீலமாக இருந்தது. சேறு இருந்த இடத்தில் பச்சைப் புல் முளைத்திருந்தது. முட்டுக் கொடுத்த வாழை குலை தள்ளியிருந்தது. சுவரில் சேற்றுக் கறை போய் இளஞ்சிவப்பு வண்ணம் ஏறியிருந்தது. நடுவே பட்டுச்சேலையில் அக்காவும், தலையில் புதிதாக முடி முளைத்த மச்சானும் கைகோத்துச் சிரித்தார்கள். மேலே வலது மூலையில் இரண்டு வெள்ளைப் பறவைகள் பறந்தன.

"என்சிக்," என்று மலாயில் ஐயா போட்டார் அதிகாரி, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. "இந்தத் தோட்டத்துக்கு எதுக்கு உதவி? இங்க எனக்கு ஒரு ரூம் கிடைக்குமா?"

எனக்குக் காது சுட்டது. நடந்ததைச் சொன்னேன். நல்ல மனசுக்காரி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படத்த விடுங்க. வியாழக்கிழமை நானே நேர்ல வந்து பாக்கறேன். கண்ணால பாத்தா எழுதிக் குடுத்துருவேன். ஆனா அதோட கணக்கு முடியுது, அதுக்கப்புறம் யாரையும் சேக்க முடியாது" என்றார்.

நேராகக் கிள்ளானுக்குப் போய் மாடிப்படி ஏறினேன்.

"அண்ணே, புல்லு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நம்ம கம்ப்யூட்டர்லதான். இயற்கையா இருக்குல்ல?"

"பழைய படமாச்சும் இருக்கா, கை வைக்காதது?"

"அழுக்க எதுக்குத் தம்பி சேத்து வைக்கணும்? அழிச்சிட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. பையிலிருந்து சீப்பை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "அந்தப் புள்ள அப்படி ஒக்காந்துருந்துச்சி தம்பி. அத அப்படியே படமா எடுக்க எனக்குக் கை வரல" என்றார். திட்டலாம் என்று வந்தவன் அப்படியே படியிறங்கி வந்தேன்.

அடுத்த தவறு என்னுடையதுபோல் தோன்றும். இல்லை. நான் அக்காவிடம் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "அக்கா, வியாழக்கிழமை ஆபீசரம்மா உங்க வீட்டுக்கு வராங்க."

என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கேஸ் தோங் கொண்டுவருகிற ஆளுக்காக வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். படம் எடுத்து முடிந்ததும் மறுபடி கூடையிலேயே போய் உட்கார்ந்தவள் 'வீட்டுக்கு வராங்க' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டினாள். வெளக்குமாறும் வாளியும் மண்வெட்டியும் வந்தன. நம் ஜனங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் சேதத்தை மறைப்பதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை.

வியாழக்கிழமை மதியம் விடுப்புப் போட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வழி தவறி வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. வாசலில் கோலம். தோட்டத்தில் விழுந்த மரம் ஒன்றுகூட இல்லை, மண் கொத்திச் சமப்படுத்தப்பட்டு, கரையோரம் கூட்டிவிடப்பட்டிருந்தது. வாசல் மேசையில் உளுந்து வடை, கேசரி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். அதிகாரி அப்போதுதான் காரைவிட்டு இறங்கி நின்றார்.

"சுடா பெர்சே, புவான்!" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். எல்லாம் சுத்தமாகிவிட்டதாம்.

அதிகாரி தோட்டத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காக்," என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார். "விழுந்த மரமெல்லாம் எங்கே?"

"தூக்கிப் போட்டாச்சு புவான். மொதல்ல வடை எடுத்துக்குங்க, சூடு ஆறிடும்."

நான் அக்காவை ஓரமாக இழுத்தேன். "எங்கக்கா போட்டீங்க? கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க!"

"வந்த மனுசிக்குக் குப்பையக் காட்டச் சொல்றியா? அறிவிருக்கா உனக்கு?"

"அந்தக் குப்பையத்தான் பாக்க வந்துருக்காங்க!"

"நாறிப்போய்க் கெடக்குடா. எங்க கஷ்டம் எங்களோட. கவர்மெண்ட்டு வீட்டுக்கு வந்த நேரத்துல மூக்கப் பொத்த வெச்சி அனுப்பவா? வாய மூடு."

மச்சானைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். அக்கா கண் அசைக்காமல் அந்த மனிதர் வாயைத் திறந்ததில்லை. நானே தேடலாமென்று தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் மண், கடைசியில் ஓரமாகக் காய்ந்த தென்னங்கீற்றுப் பரப்பி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அதிகாரி வடையை முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் நன்றாயில்லை. "நான் உங்கள நம்பறேன் என்சிக். ஆனா கண்ணுல பட்டததான் நான் எழுத முடியும். கன்னு வெக்கத் தயாரா இருக்குற நெலமாத்தான் இது தெரியுது" என்று கோப்பை மூடினார். அக்காவுக்கு மெல்ல விஷயம் உறைத்தது போலிருக்கிறது. ஆனால் இனிமேல் எப்படித் திருப்பிப் பேசுவது என்று தெரியாமல் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. சிரிங்க அண்ணனின் வேன்.

"புவான், மாஃப், மாஃப்!" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடிவந்தார். தவறெல்லாம் தன்னுடையது, படத்தைக் கெடுத்தது தான்தான், இந்தப் பிள்ளைகள்மேல் குற்றமில்லை என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கொட்டித் தீர்த்தார். அதிகாரி, பரவாயில்லை பாக்சிக் என்று மாமா முறை வைத்துச் சமாதானம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் ஒன்று ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கை அரித்துவிட்டது.

"புவான் மொத தடவ வந்துருக்காங்க. ஒரே ஒரு படம்!"

யாரும் பதில் சொல்லுமுன் அதிகாரியை நடுவில் நிறுத்தி, அக்காவை ஒரு பக்கமும் மச்சானை ஒரு பக்கமும் வைத்து, வேலை செய்த பெண்களையெல்லாம் வரிசையில் சேர்த்துவிட்டார். கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒரு பெண் ஓரத்தில் விட்டுப்போனாள். பின்னால் போனார். இன்னொரு பெண்ணின் தோள் விட்டுப்போனது. இன்னும் பின்னால் போனார்.

"அண்ணே!" என்று அக்கா அலறினாள். "அண்ணே, அங்க போகாதீங்க!"

"அசையாதீங்கம்மா! எல்லாரும் வந்துட்டீங்க! சென்யும், புவான்! சிரி..."

சிரிங்க அண்ணன் மறைந்துபோனார்.

தென்னங்கீற்றுகளின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஓடிப்போய்ப் பார்த்தோம். தண்ணீர் போக வெட்டிவிட்ட பழைய பாரிட் அது. அழுகிய வாழை மரங்களையும் அள்ளிய சேற்றையும் எல்லாம் அதில் கொண்டுவந்து தள்ளி, விருந்தாளி கண்ணில் படக்கூடாதென்று மேலே கீற்றுப் பரப்பி மூடியிருக்கிறாள் அக்கா. அண்ணன் மார்பளவு உள்ளே நின்றார். சுற்றிலும் கறுத்துப்போன வாழை மரங்கள், நூலிழுக்கும் தண்டுகள், நாற்றம். கேமராவைப் பிடித்த கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது.

"நானு நல்லாத்தான் இருக்கேன்," என்றார் கீழேயிருந்து. "யாரும் கலையாதீங்க. படம் இன்னும் எடுக்கல."

மச்சானும் நானும் இறங்கி அவரைத் தூக்க வேண்டி மரங்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் போட்டோம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கொத்திச் சமப்படுத்திய தரையில் அவை மறுபடியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அதிகாரி மூக்கைப் பொத்தவில்லை. பாரிட்டின் நீளம் முழுக்க நடந்து, கீற்றைக் காலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"இவ்வளவுமா போச்சு? கெசியான், காக்," என்று அவள் கையைப் பிடித்தார்.

பாவம் என்று ஒரு ஆள் சொன்னதுதான் தாமதம். அத்தனை நாளும் அழாத அக்கா, கோலத்துக்கும் கேசரிக்கும் நடுவில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எந்த மரத்தை எங்கே வைத்தோம், எது முதல் இலை கொடுத்தது என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அதிகாரிக்கு ஒரு சொல்லாவது புரிந்திருக்குமா தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மச்சான் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பேசியை எடுத்தார். குவியலை எடுத்தார். பாரிட்டை எடுத்தார். இன்னும் முழுசாக வெளியே வராத அண்ணன் பக்கம் திருப்பினார்.

"பாக்சிக்," என்றார், "சென்யும்!"

தலை முதல் மார்பு வரை ஒரே சேறு. அதன் நடுவே பல்வரிசை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் விண்ணப்பத்தோடு போன படங்களிலேயே சேதம் ஒழுங்காகத் தெரிந்த படம் அதுதான்.

உதவித்தொகை வந்தது. வங்கிக்குப் போன மச்சான் அங்கிருந்து போன் செய்து "வந்துருச்சி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பணம் அந்த மழையில் எங்களை மூழ்காமல் காப்பாற்றியது, அதை வாயாரச் சொல்கிறேன். புதுக் கன்று வைத்தார்கள். வைத்த கன்றெல்லாம் பிடித்தது.

முதல் இலை அறுத்த அன்று அதைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். சிரிங்க அண்ணனைக் கூப்பிட்டுத் தலைவாழை இலை போட்டு உட்கார வைத்தாள். மனிதர் இலையைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா கைப்பேசியை நீட்டிப் பிடித்தாள். "அண்ணே, சிரிங்க."

சீப்பை எடுத்துத் தலை வாரினார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். உதட்டை விரித்துப் பார்த்தார். வரவில்லை. எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த மனிதர், தன்னுடைய முறை வந்ததும் கண்ணிலிருந்து நீர் இலையில் சொட்ட உட்கார்ந்திருந்தார். "இரும்மா, ஒரு நிமிசம். எனக்கு யாரும் இலை போட்டுப் படம் எடுத்ததில்ல" என்றார். அக்கா அப்படியே எடுத்துவிட்டாள். அந்தப் படத்தில் யாரும் கை வைக்கவில்லை.

அதை அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பக்கத்திலேயே அந்த நீல வானப் படமும் தொங்குகிறது, புல், பறவை, மச்சான் தலைமுடி எல்லாவற்றோடும். "அது பொய்ப் படம்தானேக்கா" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "புல்லு பொய்டா. நான் சிரிச்சது நெசந்தானே" என்றாள்.

அண்ணன் இப்போது ஸ்டூடியோவை மூடிவிட்டு ரவாங்கில் மகள் வீட்டோடு இருக்கிறார். வேனை மட்டும் விற்கவில்லை. மழை பலமாக இருட்டிக்கொண்டு வந்தால் எனக்குப் போன் வரும். போன வாரமும் வந்தது.

"தம்பி, பந்திங் பக்கம் மழையா? தண்ணி ஏறுதா? நான் வேணா கெளம்பி வரவா?"

அக்காவிடம் சொன்னேன். "வெயில் அடிச்சாலும் வரச் சொல்லுடா" என்றாள். "பாரிட்டுக்கு வேலி போட்டாச்சுன்னு சொல்லு."